வேலை மாறியபோது இன்சூரன்ஸ் விட்டுப்போன 46 நாட்கள்

2023 செப்டம்பர் 15, வெள்ளிக்கிழமை. பழைய அலுவலகத்தில் என் கடைசி நாள். லேப்டாப்பையும் அடையாள அட்டையையும் ஒப்படைத்துவிட்டு, இரண்டு மூன்று பேரிடம் விடைபெற்று வீட்டுக்கு வந்தேன். திங்கட்கிழமை புது வேலை. நடுவில் ஒரு சனி ஞாயிறுதானே என்ற நிம்மதியில் இருந்தேன். அந்த வெள்ளிக்கிழமை நள்ளிரவோடு எங்கள் வீட்டில் நான்கு பேருக்கும் மருத்துவ இன்சூரன்ஸ் முடிந்துவிட்டது என்பது எனக்குத் தெரியாது. புது நிறுவனத்தின் இன்சூரன்ஸ் நவம்பர் 1 அன்றுதான் தொடங்கியது. இடையில் 46 நாட்கள். அதில் இரண்டு இரவுகள் என் ஒன்பது வயது மகன் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தான். அமெரிக்காவுக்கு வந்து பதினொரு வருடம் ஆகியும் இதில் பாதி விஷயம் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. யாராவது ஒருவர் முன்கூட்டியே சொல்லியிருக்கலாமே என்று அந்த மாதம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் நிலைமையை முதலில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் டெக்சாஸில் இருக்கிறோம். கணவர் தனியாக ஒப்பந்த வேலைகள் எடுத்துச் செய்கிறவர். அவருக்கு எந்த நிறுவனமும் இன்சூரன்ஸ் தருவதில்லை. ஆகவே குடும்பத்துக்கே இன்சூரன்ஸ் என் வேலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. 2020-ல், ஆறு வயதில், மகனுக்கு டைப் 1 சர்க்கரை நோய் என்று தெரிந்தது. அவன் உடம்பில் இன்சுலின் சுரக்காது. இடுப்பில் ஒரு பம்ப், கையில் சர்க்கரை அளவைக் காட்டும் சென்சார், மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிறப்பு மருத்துவர். இவை எதையும் ஒரு நாள்கூட நிறுத்த முடியாது. அதே 2020-ல்தான் எனக்குப் புது மேனேஜர் வந்தார். ராத்திரி பத்து மணிக்கு அழைப்பு, எல்லார் முன்னாலும் அவமானம், வாரக் கடைசியில் வேலை. வேறு வேலை தேட எனக்குத் தகுதி இருந்தது. இருந்தும் மூன்று வருடம் அங்கேயே இருந்தேன். ஒவ்வொரு முறை ராஜினாமா கடிதம் எழுத உட்காரும்போதும் மகனின் இன்சுலின் பாட்டில்தான் கண்முன்னே வரும்.

இப்படிச் சிக்கிக்கொள்வதற்குப் பொருளாதாரத்தில் ஒரு பெயரே இருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. 'ஜாப் லாக்' என்கிறார்கள், வேலைப் பூட்டு. பிரிஜிட் மேட்ரியன் என்ற பொருளாதார அறிஞர் 1994-ல் இதை ஆராய்ந்து, இன்சூரன்ஸ் போய்விடும் என்ற பயத்தால் ஆட்கள் தாமாக வேலை மாறுவது சுமார் 25 சதவீதம் குறைகிறது என்று கணக்கிட்டார். அதைப் படித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் கோழை, துணிச்சல் இல்லாதவள் என்றே என்னை நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த நாட்டின் ஏற்பாடே அப்படி என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அந்தப் பயத்தில் பாதி பழைய பயம் என்பதையும் சொல்லவேண்டும். எனக்கு முன்பே இங்கே வந்த ஒரு அக்கா, "63 நாளுக்கு மேல இன்சூரன்ஸ் விட்டுப்போச்சுன்னா பையனுக்கு இருக்கிற நோயைக் காட்டி எவனும் எடுத்துக்க மாட்டான், பாத்துக்கோ" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் பொய் சொல்லவில்லை. 1996-ல் வந்த சட்டத்தில் அப்படி ஒரு 63 நாள் கணக்கு இருந்தது உண்மை. ஆனால் 2010-ல் நிறைவேறிய ஒபாமா காலத்துச் சட்டம், 2014 முதல், ஏற்கெனவே இருக்கும் நோயைக் காரணம் காட்டி மறுக்கவோ கூடுதல் பிரீமியம் வாங்கவோ கூடாது என்று ஆக்கிவிட்டது. வேலை வழியாக இல்லாமல் தனியாக, மார்க்கெட்பிளேஸ் என்ற அரசு ஏற்படுத்திய இன்சூரன்ஸ் சந்தையில் வாங்கினாலும் இதே விதிதான். நான் 2020-லிருந்து பயந்துகொண்டிருந்தது ஆறு வருடம் முன்பே மாறிப்போன விதிக்கு. உங்களை யாராவது இன்சூரன்ஸ் விஷயத்தில் பயமுறுத்தினால், அவர் சொல்வது எந்த வருடத்து விதி என்று கேளுங்கள்.

வேலைக்கும் வைத்தியத்துக்கும் இப்படி ஒரு முடிச்சு ஏன் விழுந்தது என்று நிறையப் பேருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. இரண்டாம் உலகப் போர் நேரத்தில், 1942-ல், விலைவாசி ஏறாமல் இருக்க அமெரிக்க அரசு சம்பளத்துக்குக் கட்டுப்பாடு போட்டது. ஆள் பற்றாக்குறையில் தவித்த நிறுவனங்களால் சம்பளத்தை உயர்த்தி ஆள் பிடிக்க முடியவில்லை. இன்சூரன்ஸ் போன்ற சலுகைகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை என்பதால் அதைக் கொடுத்து இழுத்தார்கள். போர் முடிந்தும் பழக்கம் நிலைத்துவிட்டது. 1954-ல் வந்த வரிச் சட்டம், நிறுவனம் கட்டும் இன்சூரன்ஸ் பணத்துக்குத் தொழிலாளி வருமான வரி கட்டவேண்டாம் என்று உறுதி செய்தது. ஒரு டாலர் சம்பளமாக வந்தால் வரி பிடித்தம் போகத்தான் கைக்கு வரும். அதே டாலர் இன்சூரன்ஸாக வந்தால் முழுசாக வரும். அதனால் இரண்டு பக்கமும் இதை விட மனமில்லை.

இதிலிருந்து நான் புரிந்துகொண்ட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. கம்பெனி இன்சூரன்ஸ் கொடுக்கிறது என்று நாம் சொல்கிறோமே, அது இனாம் இல்லை. நம் சம்பளத்தின் ஒரு பகுதிதான் அந்த உருவத்தில் வருகிறது. கைசர் ஃபேமிலி ஃபவுண்டேஷன் என்றழைக்கப்பட்டு வந்த கே.எஃப்.எஃப். அமைப்பு வருடாவருடம் கணக்கெடுக்கிறது. 2023-ல் வேலை வழியாகக் கிடைக்கும் குடும்ப இன்சூரன்ஸின் சராசரி ஆண்டு பிரீமியம் 23,968 டாலர். அதில் தொழிலாளி கட்டுவது சராசரியாக 6,575 டாலர். மிச்சம் பதினேழாயிரத்துச் சொச்சம் நம் கண்ணில் படாமலே போகிறது. உங்களுடையது எவ்வளவு என்று பார்க்கவேண்டுமானால், வருடம் முடிந்ததும் நிறுவனம் தரும் டபிள்யூ-2 என்ற சம்பளப் படிவத்தில் 12-ஆம் கட்டத்தில் 'டிடி' என்ற எழுத்துக்கு எதிரே பாருங்கள். பெரிய நிறுவனங்கள் அதைப் போட்டாகவேண்டும். நீங்களும் நிறுவனமும் சேர்ந்து கட்டிய மொத்தத் தொகை அது. பத்து வருடம் வரிக்கணக்கு போட்டிருக்கிறேன், அந்த எண்ணை ஒருநாளும் கவனித்ததில்லை. என்னுடையதில் ஏறக்குறைய 24,600 என்று இருந்தது.

சரி, கதைக்கு வருகிறேன். 2023 ஆகஸ்டில் ஒரு ஆஃபர் வந்தது. பழைய சம்பளம் 94,000 டாலர், புதுசில் 103,000. ஒன்பதாயிரம் கூடுதல், மேனேஜரிடமிருந்து விடுதலை. எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. ஆஃபர் லெட்டரில் 'முழுமையான மருத்துவச் சலுகைகள்' என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியை நம்பிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு கணக்குப் பார்த்தபோது தெரிந்தது இது: பழைய இடத்தில் குடும்பத்துக்கு மாதம் 310 டாலர் பிடித்தார்கள். புது இடத்தில் 745. வருடத்துக்கு 5,220 டாலர் வித்தியாசம். மிஞ்சும் 3,780-க்கு வரி போனால் சுமார் 2,660. அப்புறம் டிடக்டிபிள், அதாவது இன்சூரன்ஸ் கைகொடுக்கும் முன் நாம் கையிலிருந்து கட்டவேண்டிய தொகை, பழையதில் மகனுக்கு 1,500, புதுசில் 3,000. அவனுக்கு அது ஒவ்வொரு வருடமும் நிச்சயம் செலவாகும். அதையும் கழித்தால் வருடத்துக்கு 1,160 டாலர். ஒன்பதாயிரம் என்று நான் சந்தோஷப்பட்ட சம்பள உயர்வு, மாதம் நூறு டாலர்கூடத் தேறவில்லை. மேனேஜரை விட்டு வந்ததற்காக நான் வருத்தப்படவில்லை, அது வேறு. ஆனால் இந்தக் கணக்கை ஆஃபர் வந்த அன்றே போட்டிருந்தால், சம்பளத்தை இன்னும் ஆறாயிரம் உயர்த்திக் கேட்டிருப்பேன். கேட்கும் இடம் அதுதான். கையெழுத்துப் போட்டபின் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

அதைவிடப் பெரிய தவறு தேதிகளில் நடந்தது. வேலையை விட்டாலும் மாதக் கடைசி வரை இன்சூரன்ஸ் இருக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். பல நிறுவனங்களில் அப்படித்தான். என் பழைய நிறுவனத்தில் கடைசி வேலைநாள் அன்றே முடிந்துவிடும் என்று திட்டப் புத்தகத்தில் எழுதியிருந்தது. நான் திறந்தே பார்க்காத புத்தகம். புது நிறுவனத்தில் 30 நாள் காத்திருப்பு, அது முடிந்து வரும் முதல் தேதியில்தான் இன்சூரன்ஸ். சட்டப்படி 90 நாள் வரைகூட அவர்கள் காக்க வைக்கலாம் என்பதால் இதில் தவறே இல்லை. செப்டம்பர் 18-ல் சேர்ந்த எனக்கு 30 நாள் முடிவது அக்டோபர் நடுவில், எனவே நவம்பர் 1. இதில் என்னை இன்றும் உறுத்துவது ஒன்றுதான். ஒரு வாரம் தள்ளி செப்டம்பர் 25-ல் சேர்ந்திருந்தாலும் அதே நவம்பர் 1-தான். பழைய வேலையில் ஒரு வாரம் கூடுதலாக இருந்திருந்தால் ஒரு வாரம் இன்சூரன்ஸ் சும்மா கிடைத்திருக்கும். அந்த வாரத்துக்குள் மகனின் மூன்று மாத மருந்தையும் வாங்கி வைத்திருக்கலாம். தேதியைத் தள்ளிக் கேட்டிருந்தால் புது நிறுவனம் மறுத்திருக்காது. கேட்கத் தோன்றவில்லை.

செப்டம்பர் 20 அன்று மருந்துக் கடையில்தான் முதல் அடி. கார்டு வேலை செய்யவில்லை, இன்சூரன்ஸ் முடிந்துவிட்டது என்று வருகிறது என்றார்கள். சென்சாருக்குக் கையிலிருந்து 389 டாலர் கட்டினேன். ரசீதைப் பத்திரப்படுத்தி வைத்தது நான் செய்த ஒரே நல்ல காரியம். வீட்டுக்கு வந்து பம்ப் செட்களை எண்ணினேன். பம்பிலிருந்து உடம்புக்கு இன்சுலின் போகும் சின்னக் குழாயும் ஊசியும் சேர்ந்ததுதான் செட். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். எங்களிடம் பன்னிரண்டு இருந்தது. நவம்பர் வரை வராது. கணவரிடம்கூட முழுசாகச் சொல்லாமல், மூன்று நாளை நான்காக்கினேன், நான்கை ஐந்தாக்கினேன். இதை எழுதும்போது கை நடுங்குகிறது. ஒரு தாய் இப்படிச் செய்வாளா என்று நீங்கள் கேட்கலாம். பணம் எவ்வளவு ஆகும் என்றே தெரியாத இருட்டில் இருக்கும்போது மனசு இப்படித்தான் கணக்குப் போடுகிறது.

அக்டோபர் 7, சனிக்கிழமை ராத்திரி. ஒரே செட் ஐந்தாவது நாளாக ஓடிக்கொண்டிருந்தது. "அம்மா, வயிறு வலிக்குது" என்று எழுந்து வந்தான். இரண்டு முறை வாந்தி. சர்க்கரை 480. உடம்பில் அமிலம் சேர்வதைக் காட்டும் கீட்டோன் சோதனையில் பட்டை கருஞ்சிவப்பாக மாறியது. குழாய் அடைத்து இன்சுலின் உள்ளே போகவே இல்லை. அவன் மூச்சு ஆழமாக, வேகமாக வாங்கத் தொடங்கிவிட்டது. என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். இருந்தும் புது செட் போட்டு, தனியாக ஊசியில் இன்சுலின் கொடுத்து, தண்ணீர் கொடுத்து இரண்டு மணி நேரம் வீட்டிலேயே பார்த்தேன். எமர்ஜென்சிக்குப் போனால் எவ்வளவு பில் வருமோ, இன்சூரன்ஸ் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். கணவர் எழுந்து வந்து அவனைப் பார்த்ததும் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "கிளம்பு."

அந்த இரண்டு மணி நேரம் தேவையே இல்லாதது. 1986-லிருந்து இங்கே ஒரு சட்டம் இருக்கிறது. மெடிகேர் என்ற, முதியோருக்கான அரசு இன்சூரன்ஸிடமிருந்து பணம் வாங்கும் மருத்துவமனைகள், அதாவது கிட்டத்தட்ட எல்லா மருத்துவமனைகளும், எமர்ஜென்சிக்கு வருகிறவருக்குக் காசு இருக்கிறதா, இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று பார்க்காமல் பரிசோதித்து, உயிருக்கு ஆபத்தில்லாத நிலைக்குக் கொண்டுவந்தாகவேண்டும். பில் வரும், அது உண்மை. ஆனால் வாசலில் நிறுத்த மாட்டார்கள். தயவுசெய்து இன்சூரன்ஸ் இல்லை என்பதற்காக ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள். அவனை நேராகப் படுக்கைக்குக் கொண்டுபோனார்கள். நரம்பு வழியே இன்சுலின், மணிக்கொரு ரத்தச் சோதனை. இரண்டு இரவு தீவிர சிகிச்சையில் இருந்தான். இரண்டாம் நாள் காலை பசிக்குது என்றான். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

எங்கள் கணக்கில் 'சுயமாகக் கட்டுபவர்' என்று பதிந்திருந்தார்கள். பிறகு வந்த பில் 31,480 டாலர். இரண்டாம் நாள் மத்தியானம் மருத்துவமனையின் சமூகப் பணியாளர் ஒரு அம்மா வந்து உட்கார்ந்து, எப்போது வேலையை விட்டீர்கள், கோப்ரா கடிதம் வந்ததா என்று கேட்டார். வந்திருந்தது. நான்கு நாள் முன்பு. முதல் பக்கத்தில் மாதம் 2,091 டாலர் என்று பார்த்ததுமே இது நமக்கானதில்லை என்று மேசை இழுப்பறையில் போட்டுவிட்டேன். அந்தக் கடிதத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் என்று அவர் சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கிறது.

கோப்ரா என்றால் வேலை போனபின்னும் பழைய நிறுவனத்தின் அதே இன்சூரன்ஸில் தொடரும் உரிமை. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனமாக இருந்தால் பொதுவாக இது உண்டு. நீங்களே விட்டாலும் சரி, அவர்கள் அனுப்பினாலும் சரி, 18 மாதம் வரை தொடரலாம். இதுவரை நிறுவனம் கட்டிய பங்கையும் சேர்த்து முழுப் பிரீமியத்தை நாம் கட்டவேண்டும், மேலே 2 சதவீதம் நிர்வாகச் செலவு. அதனால்தான் அந்த எண் பயமுறுத்துகிறது. டபிள்யூ-2-வில் சொன்னேனே அந்த டிடி தொகை, அதைப் பன்னிரண்டால் வகுத்து 2 சதவீதம் கூட்டினால் வருவது இதுதான். ஆனால் எனக்குத் தெரியாமல் போனது இதில் உள்ள கால அவகாசம். இன்சூரன்ஸ் முடிந்த நாள் அல்லது கடிதம் கொடுத்த நாள், இரண்டில் பிந்தியதிலிருந்து 60 நாள் யோசிக்கலாம். வேண்டும் என்று சொன்னபின் முதல் பணம் கட்ட மேலும் 45 நாள். இவற்றுக்குள் கட்டிவிட்டால், இன்சூரன்ஸ் விட்டுப்போன நாளிலிருந்தே அது உயிரோடு இருந்ததாக ஆகிவிடும். முன்தேதியிட்டு. அந்த 46 நாளில் எதுவும் நடக்காவிட்டால் நீங்கள் ஒரு காசும் கட்டவேண்டாம். ஏதாவது நடந்தால் அப்போது எடுத்துக்கொள்ளலாம். 60 நாளுக்குள் முடியும் சின்ன இடைவெளிக்கு இது கிட்டத்தட்ட ஒரு இலவசக் காவல். இதை முன்பே அறிந்திருந்தால் நான் செட்களை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டேன். பின்னால் தேடியபோது தெரிந்த இன்னொன்று, எமர்ஜென்சியில் திருப்பி அனுப்பக்கூடாது என்ற விதியும் கோப்ராவும் வந்தது ஒரே சட்டத்தில்தானாம்.

அக்டோபர் 11 அன்று படிவத்தை அனுப்பினேன். செப்டம்பர் பாதிக்கும் அக்டோபர் முழுசுக்குமாக 3,137 டாலர் கட்டினேன். அதிலும் ஒரு தவறு. படிவத்தில் குடும்பத்தினர் பெயர்கள் தனித்தனியாக இருந்தன. ஒவ்வொருவருக்கும் எதிரே ஒரு கட்டம். நான்கு கட்டத்திலும் குறியிட்டேன். கோப்ராவில் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி உரிமை உண்டு, மகனுக்கு மட்டும் எடுத்திருக்கலாம் என்பது டிசம்பரில்தான் தெரிந்தது. ஒரு ஆளுக்கான கட்டணம் அதே கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் இருந்தது: மாதம் 723 டாலர். ஒன்றரை மாதத்துக்கு 1,085. இரண்டாயிரம் டாலருக்கு மேல் அவசியமில்லாமல் போனது. உங்கள் வீட்டில் ஒருவருக்குத்தான் தொடர் வைத்தியம் என்றால் அவருக்கு மட்டும் எடுங்கள்.

மார்க்கெட்பிளேஸையும் அந்த வாரம் அழைத்துப் பார்த்தேன். வேலை வழி இன்சூரன்ஸ் போனால் 60 நாளுக்குள் அங்கே சேரலாம். ஆனால் அக்டோபரில் சேர்ந்தால் நவம்பர் 1-லிருந்துதான் தொடங்கும். முன்தேதியிட்டுக் கிடைக்காது. மருத்துவமனை பில்லுக்கு உதவாது. செப்டம்பர் முடிவதற்குள் விண்ணப்பித்திருந்தால் அக்டோபர் 1-லிருந்து கிடைத்திருக்கும். வருமானம் குறைந்திருக்கிற வீட்டுக்கு அங்கே பிரீமியத்தில் உதவியும் உண்டு. ஒரு எச்சரிக்கை: கோப்ரா எடுத்துவிட்டு, நடுவில் கட்டுப்படியாகவில்லை என்று நீங்களே நிறுத்தினால், அதைக் காரணமாகக் காட்டி மார்க்கெட்பிளேஸில் நினைத்த நேரத்தில் சேர முடியாது. வருடாந்திரச் சேர்க்கைக் காலம் வரை காத்திருக்கவேண்டி வரும். எது வேண்டும் என்பதை முதல் 60 நாளுக்குள் யோசித்துவிடுங்கள்.

கோப்ரா உயிர்பெற்றதும் மருத்துவமனை பில் பழைய இன்சூரன்ஸுக்குப் போனது. மகனுடைய டிடக்டிபிள் மார்ச்சிலேயே தீர்ந்திருந்தது. வருடத்துக்கு அவனுக்காக நாங்கள் கட்டவேண்டிய உச்ச வரம்பில் மிச்சம் இருந்தது 640 டாலர்தான். 31,480-க்கு நாங்கள் கட்டியது அந்த 640. மருந்துக் கடையின் 389 டாலரும் ரசீதை அனுப்பியதும் திரும்பி வந்தது.

நவம்பர் 1 வந்தது, புது இன்சூரன்ஸ் வந்தது, பிரச்சினை தீரவில்லை. வருட நடுவில் வேலை மாறினால் டிடக்டிபிள் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். பழைய இடத்தில் கட்டிய எதையும் புது இடம் கணக்கில் எடுக்காது. பம்புக்கும் சென்சாருக்கும் புது இன்சூரன்ஸிடம் முன் அனுமதி மறுபடி வாங்கவேண்டியிருந்தது. மூன்று வாரம் ஆனது. அவன் போட்டுக்கொண்டிருந்த இன்சுலின் இவர்கள் பட்டியலில் இல்லை, வேறு பிராண்டுக்கு மாற்றினார்கள். நவம்பர், டிசம்பர் இரண்டு மாதத்தில் கையிலிருந்து 1,870 டாலர் போனது. ஜனவரியில் மறுபடி பூஜ்யம். மகனை மட்டும் டிசம்பர் வரை கோப்ராவில் வைத்திருந்து, ஜனவரியில் புது இன்சூரன்ஸில் சேர்த்திருந்தால் இரண்டு மாதத்துக்கு 1,446 டாலர் ஆகியிருக்கும். உச்ச வரம்பு தீர்ந்துவிட்டதால் அந்த இன்சூரன்ஸில் அடங்கிய வைத்தியத்துக்கு வேறு செலவே இல்லை, முன் அனுமதி அலைச்சலும் இல்லை. ஜனவரியில் சேர்க்க முடியுமா என்பது புது நிறுவனத்தின் திட்ட வருடம் எப்போது ஆரம்பிக்கிறது என்பதைப் பொறுத்தது, அதைக் கேட்டுக்கொண்டு முடிவெடுங்கள்.

எஃப்.எஸ்.ஏ. பணமும் போனது. வைத்தியச் செலவுக்காக வரியில்லாமல் சம்பளத்திலிருந்து ஒதுக்கும் கணக்கு அது. 2,400 டாலர் என்று எழுதிக் கொடுத்திருந்தேன், அதில் 1,150 எடுத்திருந்தேன். வேலையை விடும் நாளுக்கு முன் நடந்த செலவுக்கு முழு 2,400 வரை எடுக்கலாம், சம்பளத்தில் அதுவரை பிடித்தது குறைவாக இருந்தாலும் மீதியை அவர்கள் நம்மிடம் கேட்க முடியாது. என்னிடம் மார்ச் மாதத்து பில்களே போதுமான அளவு இருந்தன. ஆனால் பில் அனுப்ப வேலையை விட்டு 90 நாள்தான் கெடு என்று எங்கள் திட்டத்தில் இருந்தது. எனக்கு அது நினைவுக்கு வந்தது பிப்ரவரியில். 1,250 டாலர் போயிற்று. எச்.எஸ்.ஏ. என்ற, வைத்தியத்துக்கான இன்னொரு வகைச் சேமிப்புக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, அது எங்கே போனாலும் உங்களுடையது.

எல்லாம் சேர்த்தால் 6,897 டாலர். அந்த 640 எப்படியும் போயிருக்கலாம், மற்றதில் பெரும்பகுதி தெரிந்திருந்தால் தப்பித்திருக்கும். உண்மையான சம்பள உயர்வு வருடம் 1,160 என்றேனே, அதை வைத்துப் பார்த்தால் ஆறு வருட உயர்வு. புது வேலையில் சேர்ந்த முதல் மாதத்திலேயே மூன்று நாள் விடுப்பு. என் நோட்டில் 41 தொலைபேசி அழைப்புகள் எழுதியிருக்கிறேன். பேசியவர் பெயர், நேரம், அழைப்பு எண் எல்லாம் குறித்து வைத்தது பல இடத்தில் காப்பாற்றியது. "போன தடவை உங்கள் ஆள் இப்படிச் சொன்னார், இந்தத் தேதியில்" என்றதும் பேச்சே மாறும்.

இப்போது யாராவது வேலை மாறப்போகிறேன் என்றால், கையெழுத்துப் போடும் முன் இரண்டு பக்க எச்.ஆரிடமும் எழுத்தில் கேட்கச் சொல்கிறேன். பழைய இடத்தில்: இன்சூரன்ஸ் கடைசி நாளோடு முடிகிறதா, மாதக் கடைசியிலா? எஃப்.எஸ்.ஏ. பில் அனுப்பக் கெடு என்ன? கோப்ரா கடிதம் எந்த முகவரிக்கு வரும்? புது இடத்தில்: எந்தத் தேதியில் தொடங்கும், குடும்பத்துக்கு என் பங்கு எவ்வளவு, டிடக்டிபிள் எவ்வளவு, நாங்கள் பார்க்கும் மருத்துவர் நெட்வொர்க்கில் இருக்கிறாரா, நாங்கள் சாப்பிடும் மருந்து பட்டியலில் இருக்கிறதா? திட்டச் சுருக்கத்தை அனுப்புங்கள் என்று கேட்டால் அனுப்புவார்கள். நோயைப் பற்றி எதுவும் சொல்லவேண்டியதில்லை. எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு வேலை போனால் தங்கியிருக்கவே அதிகபட்சம் 60 நாள்தான், அந்தப் பதற்றத்தில் இன்சூரன்ஸ் கடிதத்தைக் கவனிக்கவே தோன்றாது. அவர்கள் இதையெல்லாம் வேலை நன்றாக ஓடும்போதே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

கடைசி பில் 2024 மார்ச்சில் வந்தது. எமர்ஜென்சியில் பார்த்த மருத்துவர்களின் குழு தனியாக அனுப்பிய 1,312 டாலர் பில், வசூல் நிறுவனத்துக்கு அனுப்பப்போகிறோம் என்ற எச்சரிக்கையோடு. மருத்துவமனைக்குக் கொடுத்த இன்சூரன்ஸ் விவரம் இவர்களுக்குப் போகவே இல்லை. மருத்துவமனை, மருத்துவர் குழு, ஆய்வகம் என்று தனித்தனியாக பில் வரும், ஒவ்வொருவரிடமும் நாமேதான் கோப்ரா விவரத்தைச் சொல்லவேண்டும். மூன்று அழைப்புகள், ஒரு கடிதம். ஏப்ரல் கடைசியில் பாக்கி பூஜ்யம் என்று ஒரு தாள் வந்தது. அதையும் கோப்பில் வைத்து மூடிவிட்டு, மகனுக்கு அன்று மாற்றவேண்டிய செட்டை எடுத்துக்கொண்டு அவன் அறைக்குப் போனேன்.